பெரிய தும்மல், சின்னத் தும்மல்

பழைய திரைச்சீலையை உதறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கடையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அன்று சாயங்காலம் நான் முகத்தைத் திருப்பவில்லை. நீளம் குறைக்க வந்த திரைச்சீலை. ஏதோ பூட்டிக்கிடந்த வீட்டிலிருந்து கழற்றியது போலிருக்கிறது, அவ்வளவு தூசி. அதைத் தையல் மேஜைமேல் விரித்து, இரண்டு கையாலும் தட்டி, குனிந்து மூச்சை நன்றாக இழுத்தேன். ஐம்பத்தாறு வயதில் செய்கிற காரியமா இது என்று எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. தும்மல் பிடித்துக்கொண்டது. கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு? மாஸ்க் எங்க?" என்றாள் கடைக்காரம்மா.

"நாளைக்கு ரத்தம் குடுக்கணும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்கிற தெம்பு எனக்கும் இல்லை.

விஷயம் இதுதான். எனக்கும் என் மகளுக்கும் ஒரே வியாதி. தூசி ஆகாது, பூக்காலத்தில் காற்றே ஆகாது. அவளுடைய அப்பா இருந்தவரை எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. நான் பெரிய தும்மல், அவள் சின்னத் தும்மல். அவர் போய்ச் சில வருஷம் கழித்து நான் இன்னொருவரைக் கட்டிக்கொண்டேன். பேருந்து ஓட்டுகிறவர், நல்ல மனுஷன், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிவைப்பார். அதிலிருந்து மகள் என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. போன் செய்தால் "ம்", "சரி", "வைக்கிறேன்", அதோடு முடிந்தது.

ஆனால் பருவம் மாறும்போதெல்லாம் அலர்ஜி கிளினிக்குக்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே நாளில் போவோம். அவள் அப்பா ஏற்படுத்திவைத்த பழக்கம். அதை மாற்றலாம் என்று இருவருக்குமே தோன்றவில்லை. ஊசியைக் கண்டால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் போய்விடும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஒரு கையை ஊசிக்கும் ஒரு கையை எனக்கும் கொடுப்பாள். முப்பது தாண்டியும் அது மாறவில்லை. என் மகளின் கையை நான் பிடிப்பது இப்போதெல்லாம் அங்கே மட்டும்தான்.

போன தடவை டாக்டரம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். ரத்தத்தில் அலர்ஜி எவ்வளவு என்று காட்டும் அந்த எண் எனக்கு இறங்கிக்கொண்டே வருகிறதாம். "அடுத்த தடவையும் இறங்கியிருந்தா நீங்க இனிமே வர வேண்டியதே இல்ல. சந்தோஷம்தானே?" என்று சிரித்தார். நானும் பல்லைக் காட்டிவைத்தேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்தோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசியை எடுத்ததும் அவளும் கையை எடுத்துக்கொண்டாள். முடிவு வரும்வரை நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் பூத்துத் தொலைத்திருந்தன. அவள் மூக்கைச் சிந்தினாள், நான் மூக்கைச் சிந்தினேன். வேறு பேச்சு இல்லை. நான் கட்டிக்கொண்டவர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாளா என்று எப்போதும்போல அலுப்பாக இருந்தது.

டாக்டரம்மா முதலில் அவளுடையதைப் பார்த்தார். "பூக்காலத்துல ஏறத்தான் செய்யும். ஆனா இது ரொம்ப அதிகம். எதனாலன்னு தனியா பாக்கணும், இன்னொரு தடவை ரத்தம் குடுத்துட்டுப் போங்க." பிறகு என்னுடையதைப் பார்த்தார். "உங்களுக்கு இந்தச் சீசன்லயும் ஏறல."

"அவங்களுக்குக் காலையிலேருந்து தும்மல் நிக்கவே இல்ல டாக்டர்" என்றாள் மகள். எனக்காக அவள் வாயைத் திறந்து எத்தனை காலம் ஆயிற்று.

"ஒரு நாள் தூசியில தும்மல் வரும், இந்த நம்பர் ஏறாது. வயசாக ஆக நிறையப் பேருக்கு இது தானா குறையும். தும்மலுக்கு மாத்திரை எழுதித் தரேன், அது போதும்."

இத்தனை வருஷம் வேண்டாத நாளிலெல்லாம் எகிறிக் குதித்த உடம்பு, வேண்டிய நாளில் கையை விரித்துவிட்டது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நடையில் மகள் என்னை நிறுத்தினாள். என் காதோரம் முடியிலிருந்து எதையோ எடுத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு, அந்தத் திரைச்சீலையுடையது. அவளுக்கு என் தொழில் தெரியாதா என்ன.

"மாஸ்க் போடலியா?"

நான் மாத்திரைச் சீட்டை மடித்தேன்.

"வேணும்னே பண்ணினியா?"

"நம்பர் ஏறும்னு நெனச்சேன்."

"ஏறி?"

"இங்க விட்டா நீ வேற எங்க வருவ?" என்றேன். அழக்கூட அலுப்பாக இருந்தது.

அவள் பஞ்சைக் கீழே போடாமல் விரலால் உருட்டிக்கொண்டே ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"டோக்கன் இருக்கறவங்க மட்டும் உள்ள வாங்க" என்றார் ரத்தம் எடுப்பவர். காலையில் என்னிடம் டோக்கன் இருந்தது, இப்போது இல்லை. கதவோரம் ஒதுங்கி நின்றேன். மகள் உட்கார்ந்து இடது கையை மேஜைமேல் வைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். வலது கை தானாகப் பின்னால் நீண்டது, நான் எப்போதும் நிற்கிற இடத்துக்கு. அங்கே யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. அடக்க அடக்க மறுபடியும் வந்தது. ரத்தம் எடுப்பவர் ஊசியோடு திரும்பி முறைத்தார்.

"அது எங்க பெரிய தும்மல்ங்க" என்றாள் மகள், சுவரைப் பார்த்தபடியே. "உள்ள விடுங்க."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் கை அப்படியே நீண்டிருந்தது. விரலிடுக்கில் அந்தப் பஞ்சுத் துணுக்கு இன்னும் இருந்தது.