வீட்டுக்கு ரெண்டு கார்

எனக்கு வாய் கொஞ்சம் பெருசு. தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் வந்து ஹார்டுவேர்ஸ் பால்துரைன்னு கேட்டுப் பாருங்க. "அந்தச் சண்டைக்காரரா?"ன்னு கேட்டுட்டுத்தான் வழி சொல்லுவான்.

தங்கச்சி முருகேஸ்வரிக்குப் புருஷன் இல்ல. அவ மக ரம்யாவுக்குத் தாய்மாமன் நான் வச்சதுதான் சட்டம். அமெரிக்காவுல இருக்க செந்தில்முருகன் வரன் வந்தப்போ, மாப்பிள்ளைய விட்டுட்டு அவன் ஊரத்தான் அலசினேன். நமக்கு மாவட்டம்னா அவங்களுக்குக் கவுண்டி. அந்தக் கவுண்டியோட புள்ளிவிவரம் அம்புட்டும் இன்டர்நெட்டுல கெடக்கு. பிரிண்ட் எடுத்துட்டு வந்து, எல்லாரையும் உக்கார வச்சு வாசிச்சேன். முக்காவாசிப் பேருக்குச் சொந்த வீடு. பாதிப் பேரு பட்டதாரி. திருட்டு கம்மி. வீட்டுக்குச் சராசரியா ரெண்டே முக்கால் ஆளு. "வீட்டுக்கு ரெண்டு கார், முருகேஸ்வரி"ன்னு நான் சொன்ன தோரணையப் பாத்தா ரெண்டையும் நானே வாங்கிக் குடுத்த மாதிரி இருந்திருக்கும். ரம்யா என்னமோ கேக்க வாயெடுத்தா. நீ சும்மா இருளான்னு அடக்கிட்டேன்.

அவனையே கட்டிக்கிட்டு அமெரிக்கா போன ரம்யா, இந்த வருஷம் ஆத்தூர்ல ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குன்னு வந்தா. கல்யாணம் முடிஞ்சுது, திரும்பிப் போற தேதியும் நெருங்குது, இவ பெட்டியத் தொடல. முருகேஸ்வரி கடைக்கே வந்து கண்ணைக் கசக்குனா. அவ போவ மாட்டேங்கா அண்ணே, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்கன்னா. எனக்குச் சுர்ருன்னு வந்துட்டு. கடைய அப்படியே போட்டுட்டுப் போனேன். அடிக்கானா, குடிக்கானா, வேற எவளும் இருக்காளா, என்னதாம்ளா குறைன்னு சத்தம் போட்டேன்.

அதெல்லாம் இல்லன்னா ரம்யா. காலையில போறவரு இருட்டினப் பொறவுதான் வாராராம். வேலைக்குப் போக இவ விசாவுல இடமில்ல. பஸ்ஸும் கெடையாது. ஒருநா பால் வாங்க நடந்து போயிருக்கா. ரோட்டோரம் கால் வைக்கவே இடமில்லையாம். போலீஸ் வண்டி நின்னு, ஏதும் பிரச்சனையான்னு கேட்டிருக்கான். ஞாயித்துக்கிழமை தவறாம மாமியாக்காரி போன், விசேஷம் ஏதும் உண்டான்னு. "நாங்க ரெண்டு பேரு இருக்கோம்லா. நீங்க வாசிச்ச அந்த முக்கால் எப்போ வரும்னு கேப்பாங்க"ன்னா. சிரிக்காளா அழுவுதாளான்னே எனக்குத் தெரியல.

"நீங்க வாசிச்சது ஒண்ணும் பொய்யில்ல மாமா. ரெண்டு கார் நிக்கி. ஒண்ணுல அவரு போயிருவாரு. இன்னொண்ணுல தினமும் மத்தியானம் நான் ஏறி உக்காருவேன், ஷெட்டுக்குள்ளயே. ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டுச் சும்மா இருப்பேன்."

ஓட்டப் படிக்க வேண்டியதுதானன்னு கேட்டுட்டு நாக்கைக் கடிச்சேன். காலேஜ் படிக்கையில இவ ஒரு ஸ்கூட்டி கேட்டா. பொட்டப்பிள்ளைக்கு வண்டி எதுக்கு, நம்ம கடை வேன்ல டிரைவர் ஆன்றோ கொண்டு விடுவான்னு நான்தான் தெரு கேக்கக் கத்துனேன்.

"ரெண்டு தடவ அவரு கூட்டிட்டுப் போனாரு. நான் தப்புப் பண்ணதும் கத்துனாரு. உங்க சத்தம் மாதிரியே இருந்துச்சு மாமா. எனக்குக் கை ஓடல."

நான் எங்கன பாக்க? செவுத்தப் பாத்தேன். அம்புட்டுக் கணக்கு வாசிச்ச மூதி, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா? வெக்கமா இருந்துச்சு.

"நீ போவாண்டாம்ளா"ன்னேன்.

"இதையும் நீங்களே சொல்லாதீங்க. போறதா வேண்டாமான்னு நான் சொல்லுதேன். முதல்ல வேன் சாவியக் குடுங்க."

டிக்கெட்டத் தள்ளிப் போட்டா, எல்எல்ஆர் எடுத்தா. உப்பளத்து ரோட்டுல பழகுனா. பக்கத்துல ஆன்றோ சொல்லிக் குடுக்கான். எனக்கு ஓட்டத் தெரியாது, பின் சீட்டுல வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். அமெரிக்காவுல ஸ்டியரிங் எதிர்ப்பக்கம்லான்னு ஒருநா நுனிநாக்கு வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

நேத்து வண்டி நடுரோட்டுல ஆஃப் ஆயிட்டு. பின்னால உப்பு லாரிக்காரன் விடாம ஹாரன் அடிக்கான். பொறுக்க முடியல, இறங்கிப் போயி அவன வாங்கு வாங்குன்னு வாங்குனேன். பேசிக்கிட்டு இருக்கையிலேயே அவன் சிரிக்கான். "அண்ணாச்சி, உங்க வண்டி போவுது"ங்கான்.

திரும்பிப் பாத்தா, வேன் தூரத்துல போவுது. ஏளா நில்லுன்னு கூப்பிட வாய் வந்துச்சு. கூப்பிடல. அந்த வெயில்ல ரோட்டோரமா நடந்தேன். நடக்க இங்கன நல்லா இடம் இருக்கு.

கொஞ்ச நேரத்துல எதுக்க வந்து பக்கத்துல நிறுத்துனா. முகமெல்லாம் வேர்வை.

"போறேன் மாமா. அந்த ரெண்டாவது கார ஓட்டிப் பாக்கேன். அப்பவும் ஒத்து வரலன்னா வந்துருவேன். ஏன் வந்தன்னு நீங்க கேக்கக் கூடாது."

சரின்னு சொல்லலாம். சொன்னா அதுவும் நான் உத்தரவு குடுத்த மாதிரி ஆயிரும். தலைய மட்டும் ஆட்டிட்டுப் பின்னால ஏறி உக்காந்தேன்.