ஏரிக்கு மேலே திரும்பினால் என்ன?

விமான நிலையத்துக்கு வடக்கே இருக்கும் சொல்மே ஊர்க்காரர்களுக்குத் தெற்குக் காற்று என்றாலே வயிற்றெரிச்சல். அன்றைக்குத்தான் விமானங்கள் கடல் பக்கமிருந்து நேராக இறங்காமல், ஓடுபாதையை ஒட்டியே வடக்கே வந்து, ஊருக்கு மேலே சாய்ந்து திரும்பி, காற்றை எதிர்த்து இறங்கும். அதிலும் பியோ கில்சுவின் கூரைக்கு நேர் மேலே. தக்காளி வளர்க்கும் பசுமைக்குடிலிலிருந்து வெளியே வந்து அண்ணாந்து அவர் திட்டுகிற திட்டு விமானிகள் காதில் விழுந்திருந்தால் வேலையை விட்டே ஓடியிருப்பார்கள்.

இன்னும் கொஞ்சம் தள்ளி, மலையடிவாரத்து ஏரிக்கு மேலே திரும்பினால் யார் குடி முழுகிவிடும்? எல்லாம் சோம்பேறித்தனம் என்பது அவர் கட்சி. அதை நிரூபிக்கவே கணினியும் விமானச் சுக்கானும் வாங்கி வைத்து, வீட்டில் உட்கார்ந்து திரையில் விமானம் ஓட்டப் பழகினார். முதலில் மூட்டையைப் போடுவதுபோல் தொப்பென்று இறக்கினார். பிறகு வேகத்தைக் குறைக்க, சக்கரம் இறக்க, ஓடுபாதையின் முனையைத் தாண்டியதும் நேரத்தை எண்ணக் கடிகாரத்தை அமுக்க, பாதையை விட்டுக் கண் எடுக்காமல் திரும்பக் கற்றுக்கொண்டார். கடைசியில் ஏரிக்கு மேலே திரும்பி அழகாக இறக்கியும் விட்டார். சனிக்கிழமை ஊர்க்கூடத்தில் எல்லோருக்கும் காட்டுகிறேன், திங்களன்று விமான நிலைய வாசலில் போய்ப் போராட்டத்துக்கு உட்காருவோம் என்றார். ஊரே சரி என்றது.

இணையத்தில் அவரோடு விமானம் ஓட்டிப் பழகும் ஒருவர், காற்று எவ்வளவு வைத்து ஓட்டினீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். கில்சு காற்றே வைக்கவில்லை.

வைத்துப் பார்த்தார். முதுகைத் தள்ளிய காற்று, ஏரிக்கு மேலே திரும்பும்போதெல்லாம் அவரை மலைக்கே கொண்டுபோனது. திரை முழுக்கப் பாறை. முன்னாலேயே திரும்பினால் ஓடுபாதை தப்பியது. ஒரே ஓர் இடத்தில் திரும்பியபோது மட்டும் அது கண்ணுக்கு நேரே வந்து நின்றது. கீழே பார்த்தார். அவர் வீடு.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. காற்றைப் பூஜ்யத்தில் வைத்தால் யாருக்கும் தெரியாது, ஊரில் அவர் சொல்லும் நிலைக்கும். ஆனாலும் தெற்குக் காற்றை வைத்தார். முதலில் ஏரிக்கு மேலே திரும்பி, அத்தனை பேர் பார்க்க மலையில் மோதினார். அடுத்து, தன் வீட்டுக்கு மேலே திரும்பி இறக்கினார்.

"என்ன கில்சு அண்ணே, யாரு பக்கம் பேசறீங்க?" என்றாள் ஊர்த்தலைவி தக் மால்சுன். "இத்தனை வருஷமா தொண்டை கிழியத் திட்டினது நீங்கதானே?"

"திட்டினேன், இல்லைங்கல. மலைய மறந்துட்டுத் திட்டினேன். நானே ஓட்டினாலும் எங்க வீட்டு மேலதான் திரும்புவேன், தலைவியம்மா."

ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். இன்னொருவர், அப்படியானால் விமானிக்குப் பெண் கொடுத்துவிடு என்றார். அன்றும் தெற்குக் காற்றுதான்; அதற்குள் தெற்கே விமானத்தின் உறுமல் கேட்டது. கில்சு வெளியே போய் நின்றார். பின்னாலேயே காதைப் பொத்திக்கொண்டு மால்சுனும் வந்தாள்.

மலையில் பாதியை மேகம் விழுங்கியிருந்தது. மேலே சக்கரங்களை நீட்டிக்கொண்டு விமானம் அந்த மலையைப் பார்த்தே வந்தது. உள்ளே இருநூறு பேர் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் விமானி ஒருவர் பக்கத்து ஜன்னல் வழியே ஓடுபாதையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை மழையில், எத்தனை வருஷமாக. கில்சுவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இப்பத் திரும்பணும்," என்றார்.

விமானம் சாய்ந்தது. மால்சுன் காதிலிருந்து கையை எடுத்தாள்.