நூற்புழு விளை

வரப்பைத் தாண்டிக் கால் வைத்ததுமே பின்சிக்கு மருந்து நாற்றம் மூக்கில் ஏறியது. புல்லை விலக்கிப் பார்த்தாள். வேர் மூட்டில் ஊதா நிறக் குருணை. வாழைக்குப் புழு விழுந்தால் போடுகிற விஷம். ஒரு மூலையில் அல்ல, விளை முழுவதும் கை ஓயாமல் தூவியிருந்தது. யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

நான்கு வருஷம் முன்புவரை அப்பா ஞானசிகாமணி ஏத்தன் வாழை வைத்த நிலம். முட்டுவலியால் அவர் விவசாயத்தை விட்டபோது, அதைப் புல்லுக்கு விடச் சொல்லிக் கெஞ்சிக் கூத்தாடினாள். உழுது மருந்தடித்த மண் புல்லுக்குத் திரும்பும்போது, கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களின் கூட்டம் எப்படி மாறுகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதல் வருஷம் வேரைத் தின்கிறவைதான் அதிகம். பிறகு பூஞ்சையைத் தின்பவை பெருகின. போன வருஷம்தான், மற்றப் புழுக்களையே பிடித்துத் தின்கிற பெரிய ஜாதி வந்து சேர்ந்தது. மண் தேறிவிட்டது என்று அர்த்தம். அன்று லேபில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். இன்று எடுக்கும் மண்ணோடு ஆராய்ச்சி முடிய வேண்டும்.

பக்கத்து விளை வேலாயுதனுடையது. ஓணத்துக்கென்று வைத்த அவருடைய ஏத்தன், குலை தள்ளும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. வேளாண்மை ஆபீசான கிருஷிபவனில் நூற்புழு என்றார்கள். அவ்வளவு போதாதா? ஞானசிகாமணியின் மகள் புழு வளர்த்து விடுகிறாள் என்று செங்கல் ஊர் வரை பாட்டாகிவிட்டது. பின்சியும் சும்மா இருக்கவில்லை. கன்று நடுமுன் கிழங்கின் தோலைச் செதுக்கி, சாணியும் சாம்பலும் கரைத்து முக்கி, நாலு நாள் வெயிலில் போடுவது இங்கே வழக்கம். கோட்டுகால் ஊரிலிருந்து கன்று வந்த அன்றே, மழையைக் கண்ட அவசரத்தில், அப்படியே அவர் குழியில் இறக்கியதை அவள் பார்த்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை, அவர் மனைவி கிருஷ்ணம்மாவும் வேலையாட்களும் நிற்கும்போதே அதைப் போட்டுடைத்தாள். புழு கன்றோடு வந்தது, முதன்முதலாக வாழை வைக்கிறவனுக்குத் தெரிந்தது மாமனுக்குத் தெரியவில்லையா என்று கேட்டாள். தனியாகச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் முகம் கறுப்பதைப் பார்க்க அவளுக்கு ருசியாக இருந்தது.

இப்போது அவர் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றார். ஒளியவில்லை.

"நாந்தான் போட்டேன். எனக்க வாழைக்குத் தூவினது போக மிச்சமாக்கும். புழு உண்டுண்ணு நீதானே சொன்னே? இப்ப இல்ல. போ."

பின்சி அங்கேயே குனிந்தாள். குறித்த நாள் தப்பக்கூடாது என்று மண்ணைத் தோண்டி எடுத்துப்போய், அடுக்களை மேசையில் அடியை அடைத்த புனலை நிறுத்தித் தண்ணீர் விட்டு, துணியில் பொதிந்த மண்ணை அதில் வைத்தாள். உயிருள்ள புழு மட்டுமே துணியைத் தாண்டிக் கீழே இறங்கும். மறுநாள் காலை அடியில் சேர்ந்ததைச் சொட்டுச் சொட்டாக நுண்ணோக்கியில் பார்த்தாள். ஒன்றும் நெளியவில்லை. எட்டாவது சொட்டில் அழுகை வந்தது. அழுதாள். பிறகு மிச்சத் தண்ணீரைக் கண்ணாடி கிளாசில் ஊற்றி, வரப்புக்குக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள்.

வேலாயுதன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல தெளிஞ்ச வெள்ளம்லா. குடிக்கலாம் போல இருக்கு."

"குடியுங்க மாமா. நீங்க மருந்து போட்ட மண்ணுல ஊறினதுதான்."

கிருஷ்ணம்மா வேலையை விட்டு நிமிர்ந்தாள். அவர் குடிக்கவில்லை. கொட்டிவிடக் கையைச் சாய்த்தவர், தன் வாழை மூட்டைப் பார்த்தார். அதற்கப்பால் அவர்கள் குடிக்கத் தண்ணீர் கோரியெடுக்கிற கிணற்றைப் பார்த்தார். சாய்த்த கையை நேராக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் கிளாசைப் பிடித்துக்கொண்டு நின்றார்.