அம்மா குடிக்கவில்லை

என் அம்மா மீனம்மா ஒரு சொட்டுச் சாராயம் தொட்டவளில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் நான் சண்டைக்காரி என்று பெயர் வாங்கினேன். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறேன்.

அம்மா நன்றாக இருந்த காலம் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவள் கொழுந்தெடுக்க இறங்கினால் கூடை மளமளவென்று நிறையும். மழை நாளில் இடுப்பில் கட்டிய ஈரப் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் அடுப்படியில் நின்று தேங்காய் ரொட்டி தட்டுவாள். முதல் ரொட்டிக்கு எனக்கும் தங்கச்சி லோஜினிக்கும் அடிதடி. அம்மா அதை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக் கொடுத்து, கருகின ஓரத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

பிறகு அவளுக்குக் கால் தள்ளாட ஆரம்பித்தது. நாக்குக் குழறியது. ஒரு நாள் மலையில் கூடையோடு உருண்டாள். மீனம்மா காலையிலேயே தண்ணி போட்டுவிட்டு வருகிறது என்று முதலில் சொன்னது பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி. அத்தனை வருடம் அம்மாவோடு ஒன்றாக வேலைக்குப் போன கூட்டாளி. அது தோட்டம் முழுக்கப் பரவியது. அம்மா வாயை ஊதிக் காட்டிக்கூடப் பார்த்தாள், யாரும் நம்பவில்லை. குடிகாரி என்ற பெயரோடேயே செத்துப்போனாள்.

போன வருடம் லோஜினிக்கு அதே தள்ளாட்டம். கண்டியில் ஒரு டாக்டரம்மா எங்கள் குடும்பக் கதையெல்லாம் கேட்டுவிட்டு, இது பரம்பரையாக வரும் மூளை வியாதியாக இருக்கலாம், இரத்தம் எடுத்து மரபணுவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். முடிவு வரும்வரை நான் கும்பிடாத சாமியில்லை. லோஜினிக்கு அது இருக்கக்கூடாது என்று வேண்டுவேன். அடுத்த மூச்சிலேயே, இருந்தால் அம்மா மேல் விழுந்த பழி போய்விடுமே என்று மனது சொல்லும். பாழாய்ப்போன மனது.

இருந்தது. சிறுமூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும் நோய், குணப்படுத்த மருந்து இல்லை என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கும் இதுதான் இருந்திருக்கும், இந்த நோய்க்காரரைப் பார்க்கிறவர்கள் குடித்திருப்பதாகத்தான் நினைப்பார்கள் என்றார். எனக்கும் பார்க்கலாம் என்று ஏதோ சொன்னார். அது என் காதில் ஏறவில்லை. ஹட்டன் பஸ்ஸில் வழி நெடுக, லயத்தில் யாரிடம் என்ன கேட்பது என்று லோஜினியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

லயத்துக்கு வந்ததும் நேரே காளியாயி வாசலில் போய் நின்றேன். லோஜினி சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் வந்தாள். காளியாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா குடிக்கல. அது வியாதி. இந்தப் புள்ளைக்கும் அதேதான்னு ரத்தத்துல பாத்துச் சொல்லிட்டாங்க. இப்ப என்ன சொல்றீங்க?”

லயம் முழுக்க எட்டிப் பார்த்தது. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. காளியாயி மன்னிப்புக் கேட்பாள், இல்லையென்றால் மல்லுக்கு வருவாள். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தாண்டிப் போய் லோஜினியின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

“ஒனக்குமா புள்ள?”

லோஜினி அவள் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்டியிலிருந்து வந்த வழியெல்லாம் நான் அவளை அழவிடவேயில்லை.