விளாவாத தண்ணீர்

ஐந்தாம் நாள் காலையில் என் வயிறு என்னைக் கைவிட்டது. எட்டு மணிக்குள் மூன்று முறை சொம்பைத் தூக்கிக்கொண்டு புதர்ப்பக்கம் போய் வந்தேன். ஆபீஸ் பியூன் திம்மராயன் வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே எண்ணியிருக்கிறார்.

“மூணு தரம் ஆச்சும்மா.”

“எண்றதுக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா உங்களுக்கு?”

“ஆபீசர் கேட்டா நான் பொய் சொல்ல மாட்டன். இப்பவே சொல்லிட்டன்.”

சொல்லட்டும். ஆனால் சொன்னால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அது 1956, மே மாதம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களிடம் நல்ல தண்ணீர், நல்ல சாப்பாடு, பிள்ளை வளர்ப்பு பற்றிப் பேசுவது என் வேலை. எனக்கு முன்னால் வந்த இரண்டு பெண்களும் முதல் டூரிலேயே வாந்திபேதியோடு திரும்பினார்கள். மூன்றாவது நான். கிளம்பும்போது ஆபீசர் சொன்னார்: “எட்டு நாள் சுத்திட்டு நல்லபடியா வந்து நில்லும்மா. இல்லேன்னா இந்த வேலைக்கு ஆம்பளைங்களையே போடச் சொல்லி மேல எழுதிடுவேன்.”

பாகலூர்ப் பக்கத்துக் கூலிக்காரன் மகள் நான். எங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் பெண்ணும் நான்தான், பி.ஏ. படித்த முதல் ஆளும் நான்தான். அந்தக் கடிதம் எழுதப்படக் கூடாது.

அதனால் கட்டுப்பாடாகத்தான் கிளம்பியிருந்தேன். கண்ணெதிரே அடுப்பிலிருந்து இறங்கியதைத்தான் தின்றேன். கிருஷ்ணகிரிச் சந்தையில் ஈ மொய்க்க அரிந்து வைத்த மாம்பழத்தைத் தொடவில்லை. முழுப் பழமாக வாங்கி, கழுவி, என் கையால் தோல் சீவினேன். மோர் வேண்டாம், பானகம் வேண்டாம். எந்த வீட்டிலும் முதல் வார்த்தை, “தண்ணி காய்ச்சினதா குடுங்க.” யாரும் மறுக்கவில்லை. பிறகு ஏன் இந்த வயிறு?

பதில் அன்று மதியம் கிடைத்தது.

ஊரின் பெரிய விவசாயி ராமப்பன். ஆபீஸ் ஆள் வந்தால் அவர் வீட்டில்தான் சாப்பாடு. எனக்கு மாட்டுக் கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் இலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் அலுமினிய டம்ளர், மற்றவர்களுக்குப் பித்தளை. என் அப்பன் யார் என்று அவர்களுக்குத் தெரியும். என் பட்டம் தாழ்வாரம் வரைக்கும்தான் செல்லுபடி.

ராமப்பன் மனைவி சரோஜம்மாள் தண்ணீர் கொண்டுவந்து உயரத்திலிருந்து ஊற்றினார். டம்ளரைத் தொட்டேன். வெதுவெதுப்பு.

“இப்பத்தான் கொதிச்சுதுன்னீங்க?”

“ஆமா, தளதளன்னு கொதிச்சுது.”

“அப்ப ஏன் சுடலை?”

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. “கொதிக்கக் கொதிக்கக் குடுத்தா நாக்கு வெந்துராதா? வந்தவங்களுக்கு யாராச்சும் அப்படிக் குடுப்பாங்களா? பதமா விளாவித்தான் கொண்டாந்தன்.”

“எதை ஊத்தி விளாவினீங்க?”

“கெணத்துத் தண்ணிதான். இப்ப சேந்தினது, ஜில்லுனு இருக்கு.”

அந்த ஊரில் இரண்டு வீட்டில் வாந்திபேதி. அதே கிணறு.

எனக்கு முதலில் வந்த கோபம் என் மேல்தான். ஐந்து ஊரிலும் மரியாதையாக இதைத்தான் செய்திருக்கிறார்கள். என் அம்மாவும் இப்படித்தான் செய்வாள். சுடச்சுட நீட்டினால் விருந்தாளியை விரட்டுகிற மாதிரி. இதெல்லாம் தெரிந்தவள், காய்ச்சச் சொன்னேனே தவிர, விளாவாதீர்கள் என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. இந்த வேலைக்காகச் சென்னையில் படித்த பாடத்தில் அது இல்லை. பாடம் எழுதியவருக்கு யாரும் விளாவிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எழுந்தேன். “மறுபடி காய்ச்சுங்க. நான் அடுப்படியில நின்னு பாக்கறன்.”

உள்ளேயிருந்து ராமப்பன் வந்தார். “அடுப்படிக்கா? அதெல்லாம் ஆகாது. உக்காந்த எடத்துல உக்காரு.”

“நான் உள்ள வரக்கூடாதுன்னா அடுப்பு வெளிய வரட்டும்.”

வாசலில் கிடந்த மூன்று கல்லை நானே உருட்டி வைத்தேன். திம்மராயன், “அம்மா, வேணாம்மா” என்று முனகினார்.

“வாசல்ல அடுப்பு மூட்டறியே, பொங்கலா, சாவா?” என்று கத்தினார் ராமப்பன்.

“ரெண்டும் இல்லைங்க. ரெண்டாவது வராம இருக்கறதுக்கு.”

“உன் ஆபீசுக்கு எழுதிடுவன்!”

“தாராளமா எழுதுங்க. என் பேரு முனிலட்சுமி. பி.ஏ.ன்னும் சேத்துக்குங்க.”

சத்தம் கேட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். கூலிக்காரத் தெருவிலிருந்து மாரம்மா ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து போட்டாள். “பெரிய வூட்டு வாசல்ல நான் அடுப்பெரிக்கறன். எழுதி வச்சிக்கடி!” என்று பக்கத்தில் நின்றவளை இடித்தாள். ராமப்பன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். காய்ச்சக் குண்டான் எடுத்துத் தர வேண்டியவர் அவர்தானே.

சரோஜம்மாள் என் பக்கம் நெருங்கி வந்தார். மெதுவாகக் கேட்டார்: “உள்ள பேத்திக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது. அதுக்கும் விளாவித்தான் குடுத்தன். அதாலயா?”

“அதாலதான் இருக்கும்.”

உள்ளே போனவர் பித்தளைக் குண்டானோடு வந்து கல்லின் மேல் வைத்தார். ராமப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

தண்ணீர் கொதித்தது. இறக்கி மூடினேன்.

“ஆற வைக்க ஒரு சொட்டு ஊத்தினா என்னம்மா?” என்றாள் ஒருத்தி.

“ஊத்தினா காய்ச்சினது வீண். தானா ஆறட்டும்.”

“அதுவரைக்கும் தாகத்துக்கு?”

“நேத்தே காய்ச்சி வச்சிருக்கணும்.”

நான் காத்திருக்கவில்லை. அவர்கள் பார்க்க வேண்டும் என்றே சூட்டோடு ஒரு டம்ளர் குடித்தேன். நாக்கு பொத்துப்போயிற்று. மாரம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பேத்திக்கும் எனக்கும் அதே தண்ணீரில் நொய்க்கஞ்சி, உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக. இலையில் கிடந்த சோற்றை நான் தொடவில்லை.

மறுநாள் காலை வயிறு அடங்கியிருந்தது. மாரம்மா தன் வீட்டில் கேழ்வரகுக் களி கிண்டினாள். உருட்டுவதற்குக் கையை நனைக்கப் போனவளைப் பிடித்தேன்.

“எந்தத் தண்ணியில நனைக்கற?”

“அடிப்பாவி, அதுக்குமா!” என்றாள். காய்ச்சிய தண்ணீரில் நனைத்து உருட்டினாள். கீரைக் கடைசலோடு இரண்டு உருண்டை தின்றேன். மீதி மூன்று ஊரிலும் முதல் வேலை வாசலில் அடுப்பு.

சனிக்கிழமை ஆபீசர் முன்னால் நின்றேன். எனக்கு முன்பே ராமப்பன் கடிதம் வந்திருந்தது.

“வாசல்ல அடுப்பு மூட்டினியாமே?”

“நெசம் சார். அஞ்சாம் நாள் மூணு தரம் வயித்தால போச்சு, அதுவும் டைரியில இருக்கு. ஆறாம் நாள்லேர்ந்து ஒண்ணுமில்ல. காரணமும் எழுதியிருக்கன்.”

அவர் படித்தார். நெற்றியைச் சுருக்கினார். “விளாவினா என்னம்மா? எங்க வீட்டுலயும் அப்படித்தான் குடுக்கறாங்க.”

“அதான் கேக்கறன். நீங்க இந்த வாரம் மூணு நாள் லீவாமே, எதுக்கு சார்?”

கதவோரம் திம்மராயனுக்கு இருமல் வந்துவிட்டது. ஆபீசர் டைரியை மூடி வைத்தார். பேனாவைத் திறந்தார்.

அடுத்த டூருக்குப் பன்னிரண்டு ஊர் எழுதி நீட்டினேன். எட்டுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார். மீதி நாலுக்காகத் திங்கட்கிழமை மறுபடி போய் நின்றேன்.