குடையில்லாமல் வந்தவர்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஜெபக்கூட வாசலில் எனக்குக் காவல் முறை. நான் மருந்துக்கடை வைத்திருப்பவள், என்னோடு நிற்கும் புருனோ பல்வைத்தியன். யாராவது தாக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் வாழும் ஸ்ட்ராஸ்பூர்க் யூதர்களாகிய எங்களுக்கு இது பழகிப்போன வேலை. சப்பாத் என்னும் எங்கள் வார ஓய்வு நாளில் கார் ஓட்டக் கூடாது, போனையும் தொடக் கூடாதுதான். உயிர் காக்கும் காரியம் என்பதால் காவலுக்கு நிற்கிறவர்கள் மட்டும் போன் வைத்துக்கொள்ள எங்கள் குருவான ரபி அனுமதி தந்திருந்தார்.

அன்று விடாத மழை. என் மனமெல்லாம் மறுநாள் விருந்தில் இருந்தது. மகள் தெல்ஃபினைக் கட்டிக்கொள்ளப் போகும் யோனா பாரிஸிலிருந்து வருகிறான். அவன் அப்பாவும் மார்செய்யிலிருந்து முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஒரு குறையும் வந்துவிடக் கூடாது.

பெரிய குடையோடு ஃபெர்னான் வந்தார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது.

"கார எங்க ஒளிச்சு வெச்சீங்க?" என்று புருனோ சீண்டினான்.

"அடுத்த தெருவுலதான். ரபி நடக்காத தெருவாப் பாத்து."

சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தேன். முப்பது வருடப் பழக்கம்.

புருனோ பின்வாசலைப் பார்க்கப் போன பிறகு அந்த மனிதர் வந்தார். அறுபது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், தொளதொளத்த கோட்டு, கையில் ஒன்றுமில்லை. தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. இந்த மழையில் குடைகூட இல்லாமல் வருகிறவன் எதற்கு வருவான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"சப்பாத் ஷாலோம், மதாம்."

"அடையாள அட்டை இருக்கா?"

"ஓட்டல்ல இருக்கு."

"போன்?"

"அதுவும் அங்கதான்."

"உள்ள உங்களத் தெரிஞ்சவங்க யாராவது?"

"யாரும் இல்ல, மதாம். நேத்துதான் இந்த ஊருக்கு வந்தேன். இன்னிக்கு என் பொஞ்சாதி போன நாள். கதிஷ் சொல்லணும். சொல்லிட்டுப் போயிடறேன்."

இறந்தவர்களுக்கான அந்தப் பிரார்த்தனையை ஓட்டல் அறையில் தனியாகச் சொல்ல முடியாது. பத்து ஆண்கள் கூடிய இடம் வேண்டும். எனக்கு அது தெரியும்.

கோட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. இந்த வாரம் வாசிக்கிற வேதப்பகுதி எது என்று கேட்டேன். சரியாகச் சொன்னார். இணையத்தில் பார்த்துவிட்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாமே என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே ஆளனுப்பி ரபியைக் கேட்டிருக்கலாம். அந்த யோசனை வரத்தான் செய்தது. ஆனால் அனுப்பவில்லை.

"புதுசா வர்றவங்க முன்னாடியே எழுதிக் கேட்டிருக்கணும். மன்னிக்கணும்."

அவர் உள்ளே எரிந்த விளக்குகளை ஒரு முறை பார்த்தார். "சரி மதாம். உங்க வேலையும் லேசு இல்ல" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக நடந்து போனார்.

"யாரது?" என்று திரும்பி வந்த புருனோ கேட்டான்.

"யாரோ. அனுப்பிட்டேன்."

"ஒதெத் இருக்கற வரைக்கும் ஒரு ஈ உள்ள போகாது" என்றான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிறு மதியம் மணி அடித்தது. யோனாவுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட அதே கோட்டில், பேரீச்சம்பழப் பலகாரப் பெட்டியோடு அவர் நின்றார்.

அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. சப்பாத்தில் எங்கள் வழக்கப்படி வெளியே எதையும் சுமக்கக் கூடாது, குடை விரிக்கக் கூடாது. இதையெல்லாம் நான் சின்ன வயதில் படித்தவள். அன்று வாசலுக்கு வந்தவர்களில் சப்பாத்தை முழுதாகக் காத்தவர் அவர் ஒருவர்தான். அதையே குற்றமாக்கி அவரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். சனிக்கிழமை பயணம் செய்யாதவர் வெள்ளியன்றே வந்தாக வேண்டும், எங்கே தங்குவார் என்றுகூட நான் விசாரித்திருக்கவில்லை.

"முதல் தடவையாப் பாக்கறோம், மதாம். என் பேரு மஸ்லியா" என்று கை நீட்டினார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டதென்று அவர் கண் சொன்னது. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார்.

அந்தப் பொய்க்குள் நான் ஒளிந்துகொண்டேன். கெண்டை மீனைப் பரிமாறினேன். மழையைப் பற்றிப் பேசினேன்.

"அம்மாவுக்கு கதிஷ் சொன்னீங்களாப்பா?" என்று யோனா கேட்டான்.

மஸ்லியா ரொட்டியைப் பிய்த்தபடி, "இந்தத் தடவ முடியலடா. மழை" என்றார்.

"மழைக்கா? இருபத்தோரு வருஷமா விட்டதில்லையே?"

கரண்டியைக் கீழே வைத்தேன். "மழையால இல்ல. வாசல்ல நான் இருந்தேன். நான்தான் அவரத் திருப்பி அனுப்பினேன்."

யோனா தட்டைத் தள்ளி வைத்தான்.

"விடுடா" என்றார் மஸ்லியா. "எங்க ஊர் ஜெபக்கூடத்துல வியாழக்கிழமை வாசல் காவலுக்கு நானும் நிக்கறவன்தான். எனக்கும் பயம் உண்டு." கொஞ்சம் தயங்கி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "பேரு மட்டும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அட்டை கேட்டேன், போன் கேட்டேன், கோட்டைத் திறக்கச் சொன்னேன். பெயரைக் கேட்கவில்லை. எங்கிருந்து வருகிறார் என்பதையும் கேட்கவில்லை. அந்தக் கறுத்த முகத்துக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். தெல்ஃபின் பின்னாலேயே வந்தாள்.

"எல்லாரையும் அப்படித்தான் கேப்பியாம்மா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்காமல் சிரித்துக்கொண்டே நான் உள்ளே விட்ட ஃபெர்னானின் முகம் நினைவுக்கு வந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் ஜக்கை என் கையிலிருந்து வாங்கி, தானே நிரப்பிக்கொண்டு அவர்களிடம் போனாள்.