கிடைத்த இடம்

மடக்கு மேசையின் ஒரு கால் எப்போதும் போல அடம் பிடித்தது. அவள் அதை முழங்காலால் இடித்து நிறுத்தி, அடியில் ஓர் அட்டையை மடித்துச் சொருகினாள். ஊரில் உள்ள லிப்ட்டெல்லாம் அவள் கணவனின் கைபட்டுத்தான் ஏறி இறங்கின. வீட்டு மேசை வரைக்கும் அந்தக் கை இன்னும் நீளவில்லை.

"என்ன குப்பை ராணி, இன்னைக்கும் முகம் தொங்குது?" என்றார் பக்கத்துக் கடை மெழுகுவர்த்திக்காரர்.

"முகம் பரவாயில்லண்ணே. கால்தான் தனியா கழண்டு வந்துடும் போல இருக்கு."

"கழண்டா அதையும் ஒட்டி வித்துடு."

சனிக்கிழமைச் சந்தையில் அவளுக்கு அந்தப் பெயர் வந்ததில் தப்பில்லை. தெருவில் கிடப்பதை எடுத்துக் கெட்டிக் காகிதத்தில் ஒட்டி, சுற்றிலும் பேனாவால் வரைந்து, சட்டம் போட்டு விற்பாள். துருப்பிடித்த சாவி ஒரு நீள மூக்குக்காரராகும். மூக்குக்கண்ணாடியின் உடைந்த கம்பி கொக்குக்குக் காலாகும். பிறந்தநாளுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கும் என்று வாங்கிப் போவார்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் 'கிடைத்த இடம்' என்று எழுதி, கீழே விவரம் தருவாள். 'மேம்பாலத்துக்கு அடியில், மழை விட்ட பிறகு.' 'தபால் ஆபீஸ் வாசல், வரிசை நகராதபோது.' சிலர் முன்பக்கத்தைப் பார்க்காமலே திருப்பிப் படித்துவிட்டு வாங்குவார்கள்.

அதனால்தான் யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அவள் வாங்குவதில்லை. கணவன் ஒருமுறை பை நிறையப் பழைய உதிரிப் பாகங்களைக் கொண்டுவந்து கொட்டினான்.

"இது எங்க கிடைச்சது?"

"வேலை பார்க்கிற இடத்துல."

"உங்களுக்குத்தானே கிடைச்சது? எனக்கு இல்லையே."

பை அப்படியே கட்டிலுக்கு அடியில் போயிற்று.

போன மாதம் ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் குடியிருக்கும் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். வீடுகள் எல்லாம் இடிபடும். அவருடைய தங்கை வேறு ஊரில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். அங்கேயே போய்விடப் போகிறார்.

"எங்க தெருவுல கிடைக்கிறதை மட்டும் வச்சு ஒரு படம் செஞ்சு குடும்மா. தங்கச்சியும் அங்கதான் வளர்ந்தா, அவளால இனிமே வர முடியாது. தெருவைத்தான் அவகிட்டக் கொண்டு போகணும்."

யோசிக்காமல் சரி என்றுவிட்டாள். யோசிப்பதற்கான நேரம் எல்லாம் பிறகு, நடக்கும்போது கிடைத்தது. அந்தத் தெருவை அவள் காலையிலும் மாலையிலும் தலை குனிந்தபடி அளந்தாள். தாழ்ந்த கூரை வீடுகள், பாதி காலி. போனவர்கள் கதவுக் கீலைக்கூட விட்டுவைக்கவில்லை. மிச்சத்தைக் குப்பை வண்டி வாரிக்கொண்டு போயிருந்தது. அத்தனை நடைக்கும் நசுங்கிய பாட்டில் மூடி ஒன்றுதான் அகப்பட்டது.

அன்று வீட்டில் சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்த ஒண்ணை முடிக்க முடியலைன்னா மேசையை மடிச்சுப் பரண்ல போட்டுடறேன். பழைய பேக்கிங் வேலைக்கே போயிடறேன். அங்க உட்காரவாவது விடுவாங்க."

அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் ஏதாவது சொல்கிற மனிதன் அவன்.

அதற்குப் பிறகு தெரு திடீரென்று தாராளமாகிவிட்டது. சாக்கடை மூடியருகே ஓர் இரும்பு வளையம். விளக்குக் கம்பத்தடியில் செம்புக் கம்பித் துண்டு. ஒரு படிக்கட்டில், கரி படிந்த வட்டமான உலோகக் குமிழ். நடுவில் பாதி தேய்ந்த முக்கோணம். அந்த முக்கோணம் அவளுக்குக் கூரையாகத் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு வீட்டை வரைந்தாள். வளையம் சைக்கிள் சக்கரமாயிற்று. செம்புக் கம்பி புகையாயிற்று. பாட்டில் மூடி வானத்துக்குப் போய் நிலவாயிற்று. இத்தனை நாள் இல்லாதது இப்போது எப்படி வந்தது என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தெம்பில்லை.

இன்று நர்ஸ் வந்தார். படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு கூரைமேல் விரலை வைத்து அமுக்கினார்.

"வர மாட்டேங்குதே," என்றார்.

"எது, அக்கா?"

"லிப்ட். இது மேல போற பொத்தான்மா. ஆஸ்பத்திரியில வேலை பார்த்த காலமெல்லாம் இதைத்தானே அமுக்கிட்டு நின்னேன். எங்க தெருவுல மாடி வச்ச வீடே கிடையாது, லிப்ட் ஏது?"

அவள் படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்தாள். லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, அவன் சொல்கிற கதைகளைக் கேட்டுப் பயந்து, அவள் படியேறித்தான் போகிறாள். பொத்தான் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது. இப்போது எல்லாம் தெரிந்தது. கரிக்குக் கீழே அரம் தேய்த்த கோடுகள் இருந்தன. வளையத்தில் துருவே இல்லை. அன்று வெங்காயத்தோடு அவன் அவ்வளவு அமைதியாக இருந்தானே, அதுவும் விளங்கியது.

"அக்கா, இதை உங்களுக்குக் குடுக்க முடியாது. இது உங்க தெருவுல கிடைச்சது இல்ல. என் வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டிருக்கார், நான் பொறுக்கணும்னு." படத்தைக் கவிழ்த்துச் சட்டத்தின் ஆணிகளை நெம்பத் தொடங்கினாள். "பிரிச்சுடறேன். மேசையையும் இன்னியோட மடிச்சுடறேன்."

நர்ஸ் அவள் கையைப் பிடித்தார். "இரு இரு. உன் வீட்டுக்காரர் ஒல்லியா, தோள்ல பை மாட்டிட்டு, சட்டைக் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குமா?"

"ஆமா."

"அட, அந்த மனுஷனா!" நர்ஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "போன வாரம் ஒருநாள் ஜன்னல்ல பார்க்கிறேன், என் வாசல்ல குனிஞ்சு மண்ணைத் தடவிக்கிட்டு இருக்கார். என்ன தம்பி தொலைச்சீங்கன்னு ஒரு சத்தம் போட்டேன். ஒண்ணுமில்லம்மான்னு எடுத்தார் பாரு ஓட்டம்! பாவம், என்னத்தைத் தொலைச்சாரோன்னு மனசு கேக்கல. நானே இறங்கித் தேடினேன். என் வாசல்ல நான் குனிஞ்சே எத்தனை காலமாச்சு."

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு சின்னச் சுருள் கம்பி.

"திரும்ப வந்தா குடுக்கலாம்னு வச்சிருந்தேன். இது எங்க தெருவுல கிடைச்சதா இல்லையா, சொல்லு?"

அவள் சுருளை வாங்கிக்கொண்டாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். படத்தில் வீட்டுச் சுவர் ஓரமாக இடம் இருந்தது. அங்கே சுருள் கம்பியை வாலாக ஒட்டி, பேனாவை எடுத்தாள்.

"பூனையா? எங்க தெருவுல பூனையே கிடையாது."

"சரி, நாய்."

"காது தொங்கணும்."

தொங்கவிட்டாள். பிறகு பின்பக்கத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். 'பாட்டில் மூடி: தெருக்கோடி, நான் குனிந்து எடுத்தது. சுருள் கம்பி: வீட்டு வாசல், அக்கா குனிந்து எடுத்தது. லிப்ட் பொத்தானும் மற்றவையும்: அதே தெரு, ஒருவர் குனிந்து போட்டது.'

நர்ஸ் படித்தார். "இதைத் தங்கச்சிக்கு நானே வாசிச்சுக் காட்டுவேன்," என்று சொல்லிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

வீட்டில் அவன் அடுப்படியில் இருந்தான். "படம் போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"அவங்களுக்குப் பிடிச்சுதா?"

"அமுக்கிப் பார்த்தாங்க."

கரண்டிச் சத்தம் நின்றது. "நான் வந்து..."

"பேசாதீங்க. கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்ல." செருப்பைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து காலை நீட்டினாள்.

அவன் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "மேசையைப் பரண்ல போட்டுடவா?"

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "முதல்ல அதோட காலைச் சரி பண்ணுங்க."

அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்தான். உதிரிகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். இரும்பில் இரும்பு திருகுகிற சத்தம். சரியாயிற்றா என்று கேட்க நினைத்தாள். அதற்குள் தூங்கிவிட்டாள்.